அறுபது பவுண்டு வில்

"இழுக்கற பலத்தை இருபத்தஞ்சு பவுண்டுக்கு இறக்கி வெச்சுடு. அவன் கேட்டா அறுபதுன்னு சொல்லு."

வில் கடை டெல்மாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டுவேன், இத்தனை வருஷத்துல ஒருத்தன்கிட்டயும் பொய் சொல்லி வில்லு வித்ததில்ல."

"இவன் ஒருத்தன்கிட்ட சொல்லு. கோயில் கட்டிக் கும்பிடறேன்."

டெல்மார் முணுமுணுத்துக்கொண்டே டாமரக் கம்பெனியின் புது வில்லின் திருகுகளைத் தளர்த்தினார். இந்தப் புது ரகத்தில்தான் இழுக்கும் பலத்தை அவ்வளவு குறைக்க முடியும்.

ஆர்லனுக்கு ஆளைச் சிறுகச் சிறுகக் கொல்லும் நரம்பு நோய். கையில் ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வருஷம் ஸ்பூன் பிடிப்பதே சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். டுவேனும் ஆர்லனும் முப்பத்தோரு வருஷமாக விஸ்கான்சின் காட்டில் சேர்ந்தே மான் வேட்டைக்குப் போகிறவர்கள். இதுதான் கடைசி சீசன். அதையாவது நண்பன் வில்லும் கையுமாகக் கழிக்க வேண்டும் என்று டுவேன் தவித்தார்.

விசையை அழுத்தினால் போதும் என்கிற குறுக்குவில்லைச் சொல்லிப் பார்த்தாயிற்று. "அது சோம்பேறிங்க துப்பாக்கிடா. நான் செத்தப்புறம் பொட்டிக்குள்ள போட்டு விடு" என்றுவிட்டார் ஆர்லன்.

சொல்லி வைத்தாற்போல் அவரே கடைக்குள் வந்தார். நேராகப் பழைய வில்கள் மாட்டியிருந்த பக்கம் போய் ஹால்வர்சன் கம்பெனி வில் ஒன்றை எடுத்தார்.

"பழசானாலும் ஹால்வர்சன்தான். டாமரக்கெல்லாம் விளையாட்டுச் சாமான்."

இழுத்தார். நாண் நாலு விரற்கடை வந்து நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சக்கரம் துருப்பிடிச்சிருக்கு" என்றார்.

வில் நுனியில் நாண் ஓடும் அந்தச் சக்கரம் பளபளவென்றுதான் இருந்தது.

"கஞ்சப்பயலே, எவனோ தேய்ச்ச வில்லைக் கட்டிக்கிட்டு அழாதே. புதுசை எடு" என்றார் டுவேன்.

ஆர்லன் வேண்டாவெறுப்பாக டாமரக்கை வாங்கி இழுத்தார். நாண் கன்னம்வரை வந்தது.

"எவ்வளவு வெச்சிருக்கே, டெல்மார்?"

டெல்மார் கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டே, "அறுபது" என்றார்.

"பரவால்லையே. டாமரக்காரன் தேறிட்டான்."

டுவேனுக்கு அழுகை முட்டியது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

சீசனின் முதல் சனிக்கிழமை. மரத்தில் ஏற முடியாததால் தரையிலேயே துணி மறைப்பு கட்டி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

விடிந்த கொஞ்ச நேரத்தில் மான் வந்தது. பதினைந்தே அடி. விலாவைக் காட்டிக்கொண்டு நின்று ஓக் கொட்டைகளைத் தின்றது.

ஆர்லன் அம்பைப் பூட்டி, நாணைக் கன்னம்வரை இழுத்தார். டுவேன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

அம்பு போகவில்லை. ஆர்லன் நாணை மெல்ல முன்னால் விட்டு, வில்லை மடியில் வைத்துக்கொண்டார். மான் தின்று முடித்து நிதானமாகக் காட்டுக்குள் போயிற்று.

"ஏண்டா அடிக்கல? கையெட்டற தூரம்டா."

"இருபத்தஞ்சு பவுண்டு வில்லு, டுவேன்."

டுவேன் ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்தார்.

"எப்பத் தெரியும்?"

"கடையில இழுத்த உடனே. கை போச்சு, புத்தி இன்னும் போகல."

"அப்புறம் ஏண்டா வாங்கினே?"

"நான் இழுத்ததும் உன் மூஞ்சியைப் பாத்தேன். உண்மையைச் சொல்ல மனசு வரல. எனக்காக நீ பொய் சொன்னே, உனக்காக நான் நம்பினேன். ரெண்டும் சரியாப் போச்சு."

மான் போன திசையைப் பார்த்துக்கொண்டே ஆர்லன் சொன்னார்:

"இந்த வில்லால அடிச்சா அது உடனே சாகாதுடா. எங்கேயாவது விழுந்து கிடந்து, கொஞ்சம் கொஞ்சமா சாகும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."