இரண்டு செண்பகங்கள்

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“செண்பகத்தோட ஆளு யாரு? டாக்டர் அவசரமாப் பேசணுங்காரு.”

தவசிமுத்து துள்ளி எழுந்தான். உள்ளே இருந்தது அவன் மனைவி. எதிர் பெஞ்சில் இருந்த அம்மாளும் எழுந்தாள். உள்ளே இருந்த அவள் மகள் பெயரும் செண்பகம்.

“ரெண்டு செண்பகமா? இருங்க, கேஸ் ஷீட்டப் பாத்துட்டு வாரேன்.”

கதவு மூடிக்கொண்டது. அவனால் உட்கார முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான்.

“உங்க வீட்டுக்காரிக்கு எந்த ஊரு தம்பி?” என்று கேட்டாள் அந்த அம்மாள். சொன்னான்.

“எங்களுக்குப் பக்கத்து ஊருதான். மலைக்கோயில்ல பட்டுப்போன செண்பக மரம் ஒரு வருசம் திடீர்னு பூத்துச்சு. அந்த வருசம் பொறந்த பொட்டப்பிள்ளைக்கெல்லாம் அதே பேருதான். எம்மக வகுப்புலயே ஒம்பது செண்பகம். என்ன வந்தாலும் பிள்ளைக தழைச்சிரணும்னு வச்சோம்.”

அவன் காதில் பாதிதான் விழுந்தது. ‘என் செண்பகமா இருக்கக் கூடாது’ என்று மனது ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் நடந்தான்.

கதவு திறந்தது.

“தவசிமுத்து யாருங்க?”

அந்த அம்மாள் நீளமாக மூச்சு விட்டது அவனுக்குக் கேட்டது. அவன் கதவை நோக்கி ஓர் அடி வைத்து நின்றான். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அருகில் வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“தனியாப் போவாதீய தம்பி. நானும் வாரேன்.”