ஒரு ஆள் பாறை

மலைமுகட்டின் மேல் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் சரிவு. காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிற நடத்துநரின் கால்கள் அவை. வளைவு வருமுன்பே உடம்பு தானாகச் சாய்ந்துகொள்கிறது. வாரம் முழுக்கத் தோளில் இடித்த கூட்டத்துக்கு மருந்தாக, விடுமுறை நாளில் ஆளரவமில்லாத உச்சியைத் தேடி வந்திருக்கிறாள். ஷூவின் அடியில் சரளை நொறுங்குகிறது, பையில் தண்ணீர் குலுங்குகிறது, வேறு சத்தமே இல்லை. கடைசி ஏற்றம் முடிகிறது. உச்சியில் உட்காரத் தோதாக ஒரே ஒரு பாறை. அதன் நட்டநடுவில், பையைப் பக்கத்தில் பரப்பிவைத்து, ஒரு வழுக்கைத் தலைக்காரர். “யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்,” என்கிறார், குறைபட்டுக்கொள்வதுபோல. “நானும்தான்.” “இது ஒரு ஆள் உக்கார்ற பாறைங்க.” கீழே மேகம் விலகுகிறது. வெயில் பள்ளத்தாக்கு முழுக்க இறங்க, தூரத்து ஆறு புதுப் பேருந்தின் கைப்பிடிக் கம்பியாக மினுங்குகிறது. இதை நின்றுகொண்டு பார்க்கவா அவள் இவ்வளவு தூரம் ஏறி வந்தாள்? நிற்பதுதான் தினமும் நடக்கிறதே. இடுப்பில் கை வைக்கிறாள். அந்தக் குரல் தானாக வருகிறது. “பையை மடியில வைங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.” அவர் மறுபேச்சில்லாமல் பையை மடியில் எடுத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறார். அவள் அமர்கிறாள். ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். ஒரே பாறையில் இரண்டு பேரும் தனியாக இருக்கிறார்கள்.