கோலமாவுக் கதிர்வீச்சு

“எண்ணூர்ல குண்டு வெச்சது நானா? என்னை இன்னாத்துக்கு அம்மணமா நிக்க வெக்கிற?”

ஜோ கத்தியதை மெர்லின் காதில் வாங்கவேயில்லை. அவன் சட்டையைக் கத்தரித்து, தூசி உள்ளே அடங்கும்படி சுருட்டிப் பைக்குள் திணித்தாள். “துண்டு குடுத்தேன்ல, கட்டிக்க. வாய மூடு, தூசி உள்ள பூடும்.”

திருவொற்றியூரில் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் ஒத்திகை. கதிர்வீச்சுத் தூசியோடு வருபவரைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்ப வேண்டும். தூசிக்குப் பதில் கோலமாவு. நோயாளியாக நடிக்க ஆள் கிடைக்காததால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் புருஷன்.

தேறினால்தான் மெர்லின் இந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நர்ஸ். புருஷன் என்பதற்காக ஒரு படியைக்கூட விடுவதாக இல்லை.

அவன் முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி. “இன்னாய்யா இது?”

“காலைல ரத்ததான கேம்ப்பு.”

“ஊசின்னா தெறிச்சு ஓடுற ஆளு நீ!”

கழுத்தில் மாதா படம் தைத்த கயிறு, புது உத்தரியம் வேறு. கோயில் வாசப்படி மிதிக்காத மனுஷன். “இதையும் கழட்டு.”

“இத மட்டும் வுட்டுடு மெர்லினு.”

“மாதா கோச்சிக்க மாட்டாங்கோ.” அதுவும் பைக்குள் போனது.

தலைமுதல் கால்வரை துடைத்துவிட்டுக் கதிர்வீச்சு மீட்டரைக் காட்டினாள். கடகடவென்று கத்தியது. மறுபடி துடைத்தாள், மறுபடி கத்தியது. பயிற்சி கொடுக்க வந்த பாஸ்கர் சார் ஏதோ சூட்சுமம் வைத்துத் தன்னைச் சோதிக்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. சோப்பைக் குழைத்துத் தேய்த்த தேய்ப்பில் ஜோவின் முதுகு சிவந்தது.

மீட்டர் அடங்கவில்லை.

“சார், இன்னாத்த ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல சிஸ்டர். மீட்டர் நெசம், மாவுதான் பொய்.” பாஸ்கர் மீட்டரை வாங்கித் துணி திணித்த பையிடம் நீட்டினார். சத்தமில்லை. ஜோவிடம் நீட்டினார். அவர் முகம் மாறியது.

“துணியில இல்ல. தோல்லயும் இல்ல. உடம்புக்குள்ளேர்ந்து வருது.”

மெர்லின் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்தாள். ஜோ துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தான்.

“ரத்தம் குடுக்கல மெர்லினு. கேன்சர் ஸ்கேனுக்குக் கதிர்வீச்சு மருந்து ஏத்துனாங்கோ.”