அத்தை அறையின் பிளக் பாயிண்ட்

கொசு மெஷினைப் பிடுங்கிக் கட்டிலின்மேல் போட்டான்.

அந்த பிளக் பாயிண்டில் ஸ்பீக்கரின் வயரைச் செருகினான். நீல விளக்கு எரிந்தது.

அவள் அடுக்களை வாசலில் நின்று தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் அவள் மாமியாருடையது. கொசு மெஷினும்தான். மாமியார் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"வயர்லெஸ், அக்கா" என்றான், தன் அக்காவிடம். "இனி வயர்த் தொல்லையே கெடையாது."

அக்கா செண்பகம் அதே அறையில் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவின் சேலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்காகவே காலை பஸ்ஸில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள். நிமிராமல் தலையாட்டினாள்.

வயர்த் தொல்லை கிடையாதாம்.

சத்தம் காற்றில் வந்துவிடும். கரண்ட் வருமா? வாடகை வீடு. ஹாலின் பின்சுவரில் பிளக் பாயிண்ட் இல்லை. ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகவே ஸ்டூலில் இருந்த ஸ்பீக்கரின் கரண்ட் வயர் அத்தை அறையின் வாசலில் குறுக்காகப் போய் உள்ளே நுழைந்தது. நீளம் பற்றவில்லை. தரையைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் விறைப்பாக நின்றது.

டிவியிலிருந்து பின் ஸ்பீக்கருக்குப் போன பழைய வயர் கிடந்த அதே வாசல்.

நான்கு வருடம் அவள் கேட்டாள்.

பின்னால் வைக்கிற இரண்டு ஸ்பீக்கரை மட்டுமாவது வயர்லெஸ்ஸாக மாற்றுங்கள், வீட்டில் நடக்க முடியவில்லை என்று. அவன் சிரித்தான். வயர்லெஸ்ஸில் சத்தம் பிந்தி வரும், வாய் அசைந்த பிறகுதான் பேச்சு கேட்கும், உனக்கு இதெல்லாம் புரியாது என்றான். அவளுக்குக் காதே இல்லாத மாதிரி.

அவள் பிரவுன் டேப் வாங்கி வந்தாள். வாசலில் கிடந்த வயரைத் தரையோடு தரையாக ஒட்டினாள். மாதம் ஒருமுறை பழையதை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த டேப்பை உரித்தான். இன்னும் தடித்த வயராகப் போட்டால் சத்தம் சுத்தமாக வருமாம். புது வயரைப் போட்டான். படம் பார்த்தான். டேப்பை நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வாசனை பிடித்து அத்தை எழுந்து வந்தாள்.

காலையிலேயே அவளாவது டேப்பை ஒட்டியிருக்கலாம். அதை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், எப்படி விழுந்தார்கள் என்று.

"பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க" என்றான் அவன்.

யோசிக்கவே இல்லை. வயதானவர்கள் எல்லாரும் அங்கேதானே விழுகிறார்கள். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அத்தையும் அப்படியே சொன்னாள். பெற்ற பிள்ளை அல்லவா.

இடுப்பெலும்பு. ஆபரேஷன். பிறகு நெஞ்சில் சளி. பத்தொன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது.

அதற்குள், பார்க்க வந்தவர்கள் பேச்சிலேயே ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரை அந்த பாத்ரூமில் ஊற்றியிருந்தார்கள். யாரோ சோப்பு நுரையையும் சேர்த்தார்கள். துக்க வீட்டில், அத்தனை பேருக்கும் நடுவில், செண்பகம் அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏளா, பாத்ரூமத் தொடச்சுப் போட ஒனக்குக் கை வலிச்சுதோ?"

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அம்மாவை நினைத்து உருகுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருத்தி போய் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் கொலைகாரி. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஹாலில் படம் ஓடியது. அவன் சோபாவில் சாய்ந்து திரையில் பேசுகிறவன் வாயையே பார்த்தான். பேச்சு பிந்தவில்லை. முகம் மலர்ந்தது.

"கேளேன்" என்றான் அவளிடம். "பின்னாலருந்து எப்படி வருதுன்னு."

செண்பகம் எழுந்தாள். அடுக்கிய சேலைகளை இரண்டு கையாலும் வாரித் தூக்கினாள். அடுக்கு மோவாய் வரை வந்தது. தரை அவளுக்குத் தெரியாது.

டேப் ஃபிரிட்ஜின்மேல் இருந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

அவள் கை நீட்டவில்லை.

செண்பகம் கட்டிலைச் சுற்றி வந்தாள். வாசலுக்கு இன்னும் நாலு எட்டு. இரண்டு மாதமாக வாயைத் திறக்காதவளுக்கு இன்னும் நாலு எட்டு பொறுப்பது பெரிய விஷயம் இல்லை. விழட்டும் என்று நினைத்தாள். ஆமாம், நினைத்தாள். விழுந்த பிறகு செண்பகம் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்கலாம். அவன் இதற்கும் பாத்ரூம் என்பானா என்று பார்க்கலாம்.

மூன்று எட்டு.

இரண்டு.

"மதினி, நில்லுங்க."

தூக்கிய காலோடு செண்பகம் நின்றாள்.

"கீழ வயர் கெடக்கு. அத்தையும் இப்படித்தான், இந்த எடத்துலதான் விழுந்தாங்க."

செண்பகம் சேலைகளை மெல்ல இறக்கினாள். கணுக்காலுக்கு முன்னால் நின்ற வயரைப் பார்த்தாள். அது போகிற வழியே ஸ்டூலைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

அவன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான்.

நான்கு வருடத்தில், யாரும் சொல்லாமல் அவன் சத்தத்தைக் குறைத்தது அன்றுதான்.