நாலு நிமிஷ லோடிங்

“என் வீட்டம்மா ஆடுற கேம், தம்பி. திறக்கவே நாலு நிமிஷம் ஆகுது. பாவம், தினமும் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா” என்றபடி கணினியைப் பழுதுபார்க்கும் கடையின் மேசைமேல் வைத்தார் அவர்.

மெக்கானிக் பார்த்தான். கேமின் கோப்புகள் ஹார்ட் டிஸ்க் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன.

“ஒரே இடத்துல அடுக்கிட்டா பறக்கும் சார். ஆனா அடுக்கும்போது காலி இடத்துலயெல்லாம் எழுதிடும். முன்னாடி அழிச்ச ஃபைல் ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லுங்க. அப்புறம் தலைகீழா நின்னாலும் மீட்க முடியாது.”

“ஒண்ணும் வேண்டாம். நல்லா அடுக்குங்க.”

“குடுத்து வெச்சவங்க சார் அவங்க! என் பொண்டாட்டி காதுல மட்டும் இதைப் போட்டுடாதீங்க, என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா.”

மாலைக்குள் கேம் இருபதே வினாடியில் திறந்தது.

மறுநாள் அதே கணினியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். முழங்கையில் கட்டு.

“அண்ணா, என் வீட்டுக்காரர் என்னை அடிச்சது வீட்டு கேமராவுல பதிவாகி இதுல இருந்துச்சு. அவரே அழிச்சுட்டார். வெள்ளிக்கிழமை கோர்ட்டு. அழிச்சதை நீங்க மீட்டுத் தருவீங்களாமே?”

மெக்கானிக் கணினியை அடையாளம் கண்டுகொண்டான். “இதுல நீங்க ஆடுற கேம்...”

“கேமா? எனக்கு மவுஸ் பிடிக்கவே வராது. போன வாரம் அவர்தான் என்னத்தையோ ஏத்திக்கிட்டிருந்தார்.”

நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரிண்ணா. அவர் இங்க வந்ததையாவது கோர்ட்ல வந்து சொல்லுவீங்களா?”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

“கடையை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?”