சுடாத கால்

சோதனை ஊசியின் முனை உள்ளங்காலில் பதிந்தபோது இராசையாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டொக்டர் றுமானா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"இப்ப தெரியுதா ஐயா?"

"இல்ல."

"இப்ப?"

"ஒண்டும் தெரியல்ல டொக்டர்."

கண்ணை மூடியபடி, சந்நிதியில் நிற்பவர் போல அவர் பதில் சொன்னார். கைகள் மட்டும் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. உயரமான கட்டில், வயதான மனிதர், விழுந்துவிடுவோமோ என்ற பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டு றுமானா மற்றக் காலுக்குப் போனாள். அங்கேயும் அதே பதில்தான்.

முந்தல் என்ற ஊரில் அவள் கிளினிக் திறந்து அதிக நாளாகவில்லை. இராசையா சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து எடுக்கத்தான் வந்திருந்தார். கூட வந்த மனைவி பூரணம் பேச்சோடு பேச்சாக, "இவருக்கு நெருப்பே சுடாது டொக்டர், ஊருக்கே தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

கரையோரத்தில் அவர்களுடைய ஊர். அம்மன் கோயில் தீமிதிப்பில் வருசா வருசம் முதலில் இறங்குகிறவர் இராசையா. இந்த வருசத் தீமிதிப்புக்கும் நாள் நெருங்கியிருந்தது. இதைக் கேட்டதும் றுமானா பேனையை வைத்துவிட்டு, அவரைக் கட்டிலில் ஏறச் சொன்னாள். சீனிக்காரர் ஒருவருக்கு நெருப்புச் சுடுவதில்லை என்றால் டொக்டருக்கு அது பெருமைப்படக்கூடிய விசயம் அல்ல.

"போன வருசம் கொப்புளம் ஏதும் வந்ததா?" என்று கேட்டாள்.

"வந்தது. வந்தா என்ன? இவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லல்லையே" என்றார் பூரணம்.

றுமானா கையைத் துடைத்துக்கொண்டு இருவருக்கும் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, இது சீனியால வந்தது. ஐயாட கால் நரம்பு மரத்துப்போச்சு. சூடு தெரியாட்டி காயமும் தெரியாது. காயம் பழுதானா பிறகு காலைத்தான் கழட்ட வேண்டி வரும். இந்த வருசம் ஐயா தீயில இறங்கக் கூடாது."

பூரணம் உடனே கோபப்படவில்லை. முதலில் விசாரித்தார்.

"பிள்ளைக்கு எந்த ஊர்?"

"புத்தளம். உம்மாவும் வாப்பாவும் மன்னாரில இருந்து வந்தவங்க."

"ஆ."

அந்த ஒரு 'ஆ'வில் றுமானாவின் படிப்பில் பாதி போய்விட்டது.

"அதான் பிள்ளைக்கு விளங்கல்ல. இது வருத்தம் இல்ல, அருள். சீனி வாறதுக்கு முந்தியே இவருக்குச் சுடாது."

"சீனி எப்ப வந்ததெண்டு ஆருக்கும்மா தெரியும்? அது சத்தம் போட்டுக்கொண்டா வரும்?"

றுமானாவின் உம்மாவும் குளிசையை ஓதிய தண்ணீரோடு விழுங்குகிறவர்தான். நம்பிக்கையோடு வாதாடினால் ஆள் எழும்பிப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்கட அம்மனோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஐயா வந்து கும்பிடட்டும், முன்னுக்கு நிக்கட்டும். தீயில கால் மட்டும் வைக்க வேணாம்."

"இவர் முகம் சுளிக்காம நடக்கிறதப் பார்த்துத்தான் மத்த ஆக்களுக்குத் துணிவு வருது. இவர் இறங்காட்டி ஆர் இறங்குவாங்க?"

பூரணம் எழும்பிவிட்டார். கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"வாங்க, சிலாபத்தில நம்மட டொக்டர் இருக்கிறார். ஊசி போடுறதுக்கு முதல் முருகா எண்டு சொல்லிப் போடுற மனுசன். விரதம் பிடிச்சு நம்மட கோயில்ல தீ மிதிக்கிறவர். அவருக்குத்தான் இதெல்லாம் விளங்கும். நான் ஓட்டோவக் கூப்பிடுறன்."

பூரணம் வெளியே போனார். இராசையா மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார். இந்த ஆளையும் காலையும் சேர்த்தே இழந்துவிட்டோம் என்று றுமானாவுக்குத் தோன்றியது.

"சிலாபத்துக்கே போங்க ஐயா. என்னைத்தான் நம்ப வேணுமெண்டு இல்ல. ஆனா அவரிட்டயும் காலைக் காட்டுங்க."

இராசையா வாசல்வரை போனார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"டொக்டர், இங்க சொல்ற கதை வெளியில போகுமா?"

"போகாது."

"எங்கட ஊர்ல ஆரும் பழக்கமா?"

"ஒருத்தரையும் தெரியாது."

"கோயிலுக்கு எப்பவாவது வந்திருக்கிறீங்களா?"

"இல்ல ஐயா."

"அந்தச் சிலாபத்து டொக்டரோட கதைக்கிறதா?"

"அவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

அவள் இல்லை, தெரியாது என்று சொல்லச் சொல்ல அவருடைய முகம் தெளிந்துகொண்டு வந்தது. சற்றுமுன் பூரணம் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப சரி. அவர் நல்ல மனுசன்தான். ஆனா என்ட முதுகப் பார்த்துக்கொண்டு எனக்குப் பின்னால இறங்குறவர். அவரிட்ட இதை எப்படிச் சொல்றது?"

"எதை?"

வெளியே ஓட்டோவின் ஹோர்ன் சத்தம் கேட்டது. இராசையா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு நல்லாச் சுடும் டொக்டர்."