குறுக்குக் காற்று

மக்ரூன் கடை நடத்தும் வேல்விழி அன்றுதான் முதன்முறையாகத் தனியாக விமானம் ஓட்டினாள். உப்பளங்களைத் தாண்டியிருந்த அந்தத் தனியார் ஓடுதளத்தில் அவள் இறங்கி நின்றதும், பயிற்சியாளர் சங்கரபாண்டியன் கையில் வயர்லெஸ்ஸோடு ஓடி வந்தார்.

“கடல்காத்து குறுக்க அடிச்ச அடியில நான் பயந்தே போயிட்டேன். பழகின ஆளு மாதிரில்லா இறக்கிட்ட!”

“அந்த அக்கா மட்டும் சொல்லித் தராட்டா கவுந்திருப்பேன் சார்.” வேல்விழி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

“எந்த அக்கா?”

“இன்னொரு பிளேன்ல இருக்காங்கல்லா, அவங்கதான். ‘ஏளா, பதறாத. காத்து வாற பக்கமா றெக்கையைச் சாய்ச்சுப் புடி’ன்னு வயர்லெஸ்ல சொல்லிக்கிட்டே வந்தாங்க. நீங்களும் கேட்டிருப்பியளே?”

“எனக்கு உன் குரல் மட்டுந்தான் கேட்டுச்சு.” சங்கரபாண்டியனின் முகம் வெளிறிவிட்டது. “நம்மகிட்ட இருக்கது இந்த ஒத்த பிளேன்தாம்மா. இன்னொண்ணை என் வீட்டுக்காரி இசக்கிசெல்வி எடுத்துக்கிட்டுப் போனா. போன ஆடிக்காத்துல கடலுக்குள்ள விழுந்துட்டு. அவ உடம்புகூடக் கிடைக்கல.”

வேல்விழி கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

“‘முதல்ல நீ இறங்கு. ரன்வே காலியானதும் நான் வாரேன்’னாங்க.”

சங்கரபாண்டியன் அவசர அவசரமாக விமானத்தைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார். பிறகு கடலைப் பார்த்தபடியே வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார்.

“செல்வி, ரன்வே காலியாயிட்டு. நீ இறங்கு.”